164ஆம் நாளா, 180ஆம் நாளா? பிள்ளையோட சோறூணும் அம்மாவோட விரதமும்

களியக்காவிளை_அம்மை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆண்பிள்ளை, இன்னைக்கு 150 நாள். தாய்ப்பால் மட்டும்தான். வீட்டுல சோறூணுக்கு, அதாவது பிள்ளைக்கு முதன்முதல்ல சோறு ஊட்டுற சடங்குக்கு, நாள் குறிச்சாச்சு. பிறந்த நட்சத்திரம் ஆறாவது தடவை வர்ற நாள், அதாவது 164ஆம் நாள். தடுப்பூசி போடப் போன இடத்துல நர்ஸ் என்னன்னா 180 நாள் முடியாம நாக்குல ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு சொல்லி விட்டாங்க. மாமியாருக்குக் குருவாயூர்ல ஊட்டுறதா நேர்ச்சை (வேண்டுதல்). ஆச்சிக்குத் திருவட்டாறு கோயில் போதும். நான் நடுவுல நிக்கேன்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஊட்டும்போது தேனும் வயம்பும் (வசம்பு) தொட்டு வைக்கணும்னு சொல்லுறாங்க, அது சரியா? அப்புறம் என்னோட காரியம். ஏகாதசி, திங்களாழ்ச்சை ஒருநேரம் (திங்கக்கிழமை ஒரு நேரம் மட்டும் சாப்பிடுற விரதம்) எல்லாம் விட்டுப்போச்சு, சந்தியாவிளக்கு வச்சு ரெண்டு நாமம் சொல்லக்கூட உட்கார முடியல. திரும்பத் தொடங்கலாமா? எப்படித் தொடங்குறது? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வேளிமலை எழுதியது:

மக்கா, இந்த 164, 180 சண்டை எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாத்துருவோம். சந்திரன் ஒரு நட்சத்திரத்துல தொடங்கி அதே நட்சத்திரத்துக்குத் திரும்பி வர ஏறக்குறைய 27.3 நாள். நம்ம பக்கத்துல பிள்ளைக்கு மாசம் எண்ணுறது இந்தச் சுற்றை வச்சு. ஆறு சுற்று 164 நாள். ஆஸ்பத்திரிக் கணக்கு 30 நாள் மாசம், ஆறுக்கு 180. ரெண்டு பேரு வாயிலயும் "ஆறு மாசம்"தான். நடுவுல 16 நாள் காணாம போயிருக்கு, அதுதான் சண்டை.

இதுக்குள்ள இன்னொரு முடிச்சும் உண்டு. சோறூட்டச் சொல்லுற மாசம் முடிஞ்ச மாசம் இல்ல, நடப்பு மாசம். ஆணுக்கு 6, 8, 10னு இரட்டை. பெண்ணுக்கு 5, 7, 9னு ஒற்றை. நட்சத்திரக் கணக்குல நடப்பு ஆறாம் மாசம் 137ஆம் நாள் தொடங்கி 164ல முடியுது. உங்க வீட்டுல குறிச்ச நாள் அந்த மாசத்தோட கடைசி விளிம்பு. அதை விட்டா ஆணுக்கு அடுத்து நடப்பு எட்டாம் மாசம், 191ல இருந்து 218 வரைக்கும். பெண்பிள்ளையா இருந்தா இந்தத் தொல்லையே இல்ல. நடப்பு ஏழாம் மாசம் 164ல இருந்து 191 வரைக்கும் போகும், அதுல 180 தாண்டின ஒரு நாளை எடுத்துட்டா முறையும் சரி, மருத்துவமும் சரி. ஆணுக்குத்தான் நடுவுல குழி விழுது.

அப்போ என்ன செய்யலாம்? சிலர் 164லயே வச்சு, வெந்த பருக்கை ஒண்ணை உதட்டுல தொட்டு எடுத்துட்டு "முடிஞ்சது"ன்னு வைப்பாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. தொட்டு எடுக்குறதுங்கிற கட்டுப்பாடு முதல் ஆளு வரைக்கும்தான் நிக்கும். மூணாவது ஆளு பாயசத்துல விரலை முக்கியிருப்பாரு. அதுக்குப் பதிலா 191 தாண்டி எட்டாம் மாசத்துல வைக்கலாம். 180க்கு மேல 11 நாள்தான் கூடுதல். ஆனா சடங்கு பாக்கி இருக்குன்னு சொல்லி வீட்டுச் சோறைத் தள்ளிப்போடாதீங்க. ஆறு மாசத்தோட பிள்ளை பிறக்கும்போது கொண்டு வந்த இரும்புச்சத்து இருப்பு தீர ஆரம்பிக்கும், தாய்ப்பால்ல இருக்குறது அதுக்குப் பத்தாது. 181ல பயறோ காய்கறியோ மசிச்சுத் தொடங்குங்க. அரிசிச் சோறை மட்டும் சடங்குக்கு விட்டு வையுங்க. சோறூணுன்னா சோறு ஊட்டுறதுதானே. பெரியவங்க பெரும்பாலும் இதுக்கு ஒத்துக்கிடுவாங்க.

குருவாயூர்ல சோறூணுக்குத் தனியா முகூர்த்தம் பார்க்குற வழக்கம் இல்ல, எந்த நாளும் நல்ல நாள்னுதான் கூட்டிட்டுப் போறாங்க. மாமியாரோட நேர்ச்சை குருவாயூர்ங்கிறதால உங்களுக்கு அதுவே சாதகம். 181க்கு மேல கூட்டம் குறைஞ்ச ஒரு நாளைப் பாத்துப் போனா போதும், நட்சத்திரப் பேச்சே எழாது. திருவட்டாறுல ஆதிகேசவப் பெருமாளைத் தொழுதுட்டு வர்றதை அதுக்கு முன்னாடியே வச்சுக்கிடலாம், ஆச்சிக்கும் மனசு நிறையும். 22 அடி நீளத்துல சயனத்துல இருக்குற பெருமாளை மூணு வாசல் வழியாத்தான் முழுசா பாக்க முடியும். பிள்ளையைத் தூக்கிட்டுப் படி ஏறணும், அதனால கூட ஒரு ஆளு வேணும்.

ஏத்தங்குலை எழுதியது:

நாள் விஷயத்துல வேளிமலை சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. ஊட்டுறதைப் பத்தி எழுதுறேன், அதுலதான் பிசகு அதிகம்.

பிள்ளை சோறுக்குத் தயாரான்னு நாலு காரியத்துல தெரியும். கழுத்து ஆடாம நிக்கணும். பிடிச்சு உட்கார வச்சா முதுகு வளைஞ்சு சரியக்கூடாது. நீங்க சாப்பிடும்போது கையை நீட்டணும். கரண்டியை உதட்டுல வச்சதும் நாக்கு அதை வெளியே தள்ளாம இருக்கணும். இந்தக் கடைசியைத்தான் பெரும்பாலும் கவனிக்கிறது இல்ல. நாக்கு தள்ளுறதை "பிள்ளைக்குப் பிடிக்கல"ன்னு எடுத்துக்கிட்டு ருசிக்கு உப்பும் சர்க்கரையும் போடுவாங்க. பிள்ளைக்கு ருசி பிடிக்காம இல்ல, நாக்கோட அனிச்சைச் செயல் இன்னும் அடங்கல, அவ்வளவுதான். ரெண்டு மூணு நாள் விட்டுட்டுத் திரும்பக் கொடுக்கணும்.

முதல் சோறு: ஒரு மேசைக்கரண்டி பச்சரிசி, ஒரு தேக்கரண்டி சிறுபயறுப் பருப்பு, 120 மில்லி வெள்ளம் (தண்ணி). சடங்கு வரைக்கும் அரிசியை ஒதுக்கி வைக்கிறவங்க பருப்பை மட்டும் இதே மாதிரி வேகவச்சு மசிச்சுக் கொடுக்கலாம். இவ்வளவு கொஞ்சத்தை நேரா குக்கர்ல போட்டா அடிப்பிடிச்சு கரிஞ்சுபோகும். குக்கர்ல ரெண்டு தம்ளர் வெள்ளம் விட்டு, அதுக்குள்ள சின்ன எவர்சில்வர் கிண்ணத்துல இதை வச்சு அஞ்சு விசில் விடுங்க. ஆவி தானா அடங்கட்டும். சூட்டோட கரண்டியால மசிச்சு, வடிகட்டி மேல தேய்ச்சு எடுங்க. மிக்ஸில அடிச்சா பசை மாதிரி இழுக்கும், பிள்ளை மேல்வாயில ஒட்டிக்கிட்டு ஓங்கரிக்கும். கால் தேக்கரண்டி நெய் விடலாம். கரண்டியைச் சாய்ச்சா ஒரு நொடி நின்னு அப்புறம் மெதுவா விழுற பதம் வேணும். தண்ணியா ஒழுகுற கஞ்சிவெள்ளத்தால வயிறு நிறையும், சத்து ஏறாது. எடை ஏறாம நிக்குற பிள்ளைகள் நிறைய பேருக்கு இதுதான் காரணம்.

அளவு: தொடக்கத்துல ஒரு நேரத்துக்கு ரெண்டு மூணு மேசைக்கரண்டி, ஒரு நாளைக்கு ரெண்டு நேரம். பைய ஏத்தி ஒன்பது மாசத்துக்குள்ள அரைக்கப்பு வரைக்கும் வரலாம். 6ல இருந்து 8 மாசம் வரை தாய்ப்பாலுக்கு மேல சாப்பாட்டுல இருந்து பிள்ளைக்கு வேண்டியது ஒரு நாளைக்கு 200 கலோரிதான். மிச்சமெல்லாம் இன்னும் பால்தான் கொடுக்குது. அதனால சோறு தொடங்கிட்டோம்னு பாலைக் குறைக்காதீங்க. புதுச் சாப்பாடு எதையும் காலையில கொடுங்க, மூணு நாள் அதையே கொடுங்க. மேலுக்குத் தடிப்போ வயித்துப்போக்கோ வந்தா எதால வந்துச்சுன்னு தெரியணும்ல. ராத்திரி கொடுத்து ராத்திரியே தடிச்சா யாரும் பாக்க மாட்டாங்க.

ஏத்தங்காய்ப்பொடி குறுக்கு (நேந்திரங்காய்ப் பொடிக் கூழ்) நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் உண்டு. ஒரு மேசைக்கரண்டி பொடியை முதல்ல பச்சைவெள்ளத்துல கட்டியில்லாம கரைச்சுட்டுத்தான் அடுப்புல வைக்கணும். சுடுவெள்ளத்துல போட்டா முத்து முத்தா கட்டி நிக்கும், உள்ளே வேகாது. சின்னத் தீயில ஒரு தம்ளர் வெள்ளம் சுண்டி, கரண்டியில ஒட்டுற பதம் வரைக்கும் கிண்டுங்க. கருப்பட்டி வேண்டாம். ஒரு வயசு வரைக்கும் இனிப்பும் இல்ல, உப்பும் இல்ல. இதை மட்டும் மூணு நேரமும் கொடுத்தா பிள்ளைக்கு மலம் இறுகும், இரும்புச்சத்தும் கிடைக்காது. பயறு, கீரை, மீன் சாப்பிடுற வீடுன்னா முள் எடுத்து மசிச்ச மீன், இதெல்லாம் மாத்தி மாத்தி வரணும்.

சடங்கு அன்னைக்குக் கணக்கு தப்புறது இப்படித்தான். அப்பா, அம்மா, தாத்தா, ஆச்சி, மாமன், சித்தின்னு பத்து பேரு ஆளுக்கு அரைத் தேக்கரண்டி வச்சா 25 மில்லி. தொடக்கத்துல ஒரு நேரத்து அளவே 30 மில்லிதான், அதையும் அஞ்சு நிமிஷத்துல கொடுத்தாச்சு. பிள்ளை கக்கும், அப்புறம் "கண்ணு பட்டுருச்சு"ன்னு பேச்சு. ஊட்டுறது மூணு பேரு போதும். மத்தவங்க பிள்ளை கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். ஊட்டுறவங்க கையைச் சோப்பு போட்டுக் கழுவணும், மோதிரத்தால தொட்டு வைக்கிறதா இருந்தா மோதிரத்தையும். கல் வச்ச மோதிரம்னா இடுக்குல சந்தனமும் எண்ணெயும் அடைஞ்சு கிடக்கும், வேண்டாம். ஊட்டுறதுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாடி பால் கொடுத்துருங்க. வயிறு நிறைஞ்சிருந்தா வாயைத் திறக்காது, ரொம்பப் பசிச்சா பாலுக்குத்தான் அழும்.

பிள்ளையை மடியில நிமிர்த்தி உட்கார வச்சுத்தான் ஊட்டணும், போட்டோவுக்காக மல்லாத்திப் பிடிக்காதீங்க. ஓங்கரிச்சு இருமினா பயப்பட வேண்டாம், சத்தம் வர்ற வரைக்கும் மூச்சு போகுது. சத்தமே இல்லாம முகம் நீலிச்சாத்தான் ஆபத்து. உடனே முன்கையில குப்புறப் படுக்க வச்சு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைக்கு நடுவுல உள்ளங்கையால அஞ்சு அடி. அடைச்சது வெளியே வரலன்னா மல்லாத்தி நெஞ்சுக்கு நடுவுல ரெண்டு விரலால அஞ்சு அமுக்கு. வர்ற வரைக்கும் மாத்தி மாத்தி செய்யணும், அதுக்குள்ள இன்னொரு ஆளு 108க்குக் கூப்பிடணும். வாய்க்குள்ள கண்ணை மூடிக்கிட்டு விரலை விட்டுத் துழாவக்கூடாது, இருக்குறதும் உள்ளே போயிரும்.

இலையில சோறோட பாயசமும் பழமும் இருக்கும். பாயசம் பெரியவங்களுக்கு. இலைப் பிரசாதத்துல பூ இருந்தா முதல்ல அதை எடுத்துருங்க. தோவாளைச் சந்தையில இருந்து மூட்டை மூட்டையா போற அரளி, இலையில இருந்து வேர் வரைக்கும் விஷம். 2024 மே மாசம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்துலயும் பிரசாதத்துலயும் அரளி வேண்டாம்னு நிறுத்தினது இதனாலதான். மடியில இருக்குற பிள்ளைக்கு முதல்ல எட்டுறது சிவப்பாவும் மஞ்சளாவும் தெரியுற பூதான், கை அடுத்து போறது வாய்க்கு.

பாறசாலைப்_பெரியம்மை எழுதியது:

தேன் வைக்காம சோறூணா? தலைமுறை தலைமுறையா பொன்னும் தேனும் வயம்பும் உரைச்சு வச்சுத்தானே பிள்ளைய வளத்துருக்கு. இப்போ எல்லாமே விஷம்னா என்னத்தச் சொல்ல.

ஏத்தங்குலை எழுதியது:

பெரியம்மை, தேன் விஷம்னு சொல்லல. தேன்ல ஒரு கிருமியோட வித்து இருக்க வாய்ப்புண்டு, க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம்னு பேரு. பெரியவங்க குடல்ல அது முளைக்காம வெளியே போயிரும். ஒரு வயசுக்குள்ள பிள்ளையோட குடல்ல அதைத் தடுக்கிற நல்ல கிருமிகள் இன்னும் சரியா குடியேறல, அதனால அங்கே முளைச்சு நஞ்சு விடும். முதல்ல மலம் இறுகும், அப்புறம் அழுகை மெலிஞ்சு போகும், பால் சப்புறது தளரும், இமை தொங்கும், கை கால் துவளும். அபூர்வமா வர்றதுதான், வந்தா மூச்சு வரைக்கும் பாதிக்கும். வீட்டு அடுப்புல காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது, மலைத்தேன் சுத்தமானதுன்னு சொல்றதுலயும் பலனில்ல. ஒரு வயசு முடியட்டும், அப்புறம் தாராளமா கொடுங்க.

வயம்பை உரைச்சுக் கொடுத்து வாந்தியும் மயக்கமும் வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுற பிள்ளைகள் உண்டு. கையில கட்டுற வயம்பு வளையமும் அறுந்தா ஒவ்வொரு துண்டும் தொண்டை அடைக்கிற அளவுதான். பொன்னு வேணும்னா இருக்கட்டும். கழுவின கல் இல்லாத பொன் மோதிரத்தை உங்க தாய்ப்பால்ல தொட்டு நாக்குல வையுங்க, முறை கெடாது.

நூலுகெட்டுல கட்டின அரைஞாணையும் ஒருதடவை பாத்துருங்க. 28ஆம் நாள் கட்டினது ஆறு மாசத்துல இறுகியிருக்கும். ரெண்டு விரல் நுழையலன்னா தளர்த்திக் கட்டணும். கழுத்துல சங்கிலியோ கயிறோ போட்டிருந்தா உறங்கும்போது கழட்டணும். கண்மையில ஈயம் கலந்திருக்கலாம், கண்ணு படாம இருக்க உள்ளங்காலுல பொட்டு வச்சா போதும்.

கோட்டாற்று_நேரம் எழுதியது:

விரதத்துக்கு வர்றேன். பால் கொடுக்குற அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடுதலா வேணும். கணக்குக்கு நாலு இட்லியும் சாம்பாரும் ஒரு தம்ளர் பாலும்னு வையுங்க. ஒரு நாள் விட்டுச் சாப்பிட்டா பால் உடனே வத்திராது, ஆனா உங்க உடம்புல இருந்து எடுத்துக் கொடுக்கும். தலைசுத்தலும் ராத்திரி எரிச்சலும் அதுல இருந்துதான். வெள்ளம் குடிக்காத விரதம் பால் கொடுக்குற வரைக்கும் வேண்டவே வேண்டாம். நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் பாலூட்டுறவளுக்கும் விலக்கு உண்டுன்னு நம்ம பெரியவங்களே சொல்லி வச்சிருக்காங்க, நாமதான் அதை விட்டுட்டு முழு விரதத்தைப் பிடிக்கிறோம்.

ஏகாதசிக்கு நம்ம பக்கத்து முறை உங்களுக்கு ரொம்ப வசதி. அரிசிச் சோறு மட்டும் விலக்கு. குருவாயூர் ஏகாதசிக்கே கோயில் ஊட்டுல (பந்திச் சாப்பாட்டுல) கோதம்புச்சோறும் (கோதுமைச் சோறு) புழுக்கும்தான் (வேகவச்ச கிழங்குக் கூட்டு) விளம்புறாங்க. காலையில ரெண்டு ஏத்தம்பழம் புழுங்கினது, ஒரு தம்ளர் பால். உச்சைக்குக் கோதம்பு நுறுக்குல (உடைச்ச கோதுமை) கஞ்சி, தொட்டுக்க சேனையும் காச்சில் கிழங்கும் போட்டுத் தேங்காய் அரைச்ச புழுக்கு. சாயந்தரம் பழமும் கொஞ்சம் நிலக்கடலையும். ராத்திரி கோதம்பு உப்புமா. இதுல கலோரி குறையாது. ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் பக்கத்துல ஒரு தம்ளர் வெள்ளம் இருக்கணும். திங்களாழ்ச்சை ஒருநேரத்தை மட்டும் பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுற வரைக்கும் தள்ளிப்போடுங்க. ஒரு நேரச் சோறுல ராத்திரி மூணு தடவை எழுந்து பால் கொடுக்குறது நடக்காது. அதுக்குப் பதிலா திங்களன்னைக்கு மீனும் முட்டையும் விடுறதுன்னு வச்சுக்கலாம், ஆனா அந்த நாள் பயறு கூடணும்.

இரும்புச்சத்து மாத்திரையை விரத நாளுலயும் விடாதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் 180 நாள் எடுக்கணும்னுதான் அரசு கொடுக்குது, உங்களுக்கு இன்னும் 30 பாக்கி. சாயாவோடயும் பாலோடயும் கால்சியம் மாத்திரையோடயும் சேர்த்து விழுங்கினா உடம்புல ஏறாது, ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க. நாரங்காவெள்ளத்தோட (எலுமிச்சைத் தண்ணி) எடுத்தா நல்லது.

முளகுமூடு எழுதியது:

நாமம் சொல்ல உட்கார நேரமில்லன்னு சொன்னீங்க. நீங்க ஏற்கெனவே ஒரு நாளைக்கு ஆறேழு தடவை உட்காருறீங்க, பால் கொடுக்க. ஒரு பக்கம் பால் முடிய ஏழெட்டு நிமிஷம். ஒரு நாமத்துக்கு ரெண்டரை நொடின்னு வச்சா 108 முடிய நாலரை நிமிஷம்தான். மாலை வேண்டாம், பிள்ளை பிடிச்சு இழுத்து மணி சிதறும். விரல் கணக்கு போடுங்க. பெருவிரலால மத்த நாலு விரலோட பன்னிரண்டு கணுவைத் தொட்டா ஒரு சுற்று, ஒன்பது சுற்று 108. சுற்றை எண்ண பிள்ளையைத் தாங்குற கையில விரலை ஒண்ணொண்ணா அழுத்திக்கிட்டு வாங்க.

கிறிஸ்தவ வீட்டுல இதே சிக்கலுக்கு ஜெபமாலையைப் பிரிச்சுச் சொல்றாங்க. அஞ்சு பத்துமணியை (பத்துப் பத்து மணியா இருக்குற அஞ்சு பகுதி) ஒரே இருப்புல முடிக்காம ஒரு பாலூட்டலுக்கு ஒரு பத்துமணி, சாயந்தரத்துக்குள்ள அஞ்சும் ஆகிரும். உங்க சகஸ்ரநாமத்தையும் அப்படி அறுத்துச் சொல்லலாம். ராத்திரிப் பாலுக்கு மட்டும் போன் வெளிச்சத்துல பாத்துப் படிக்காதீங்க, பிள்ளையும் முழிச்சுக்கும் நீங்களும் முழிச்சுக்குவீங்க. மனப்பாடமா தெரிஞ்ச ஒரே வரி போதும்.

வேளிமலை எழுதியது:

சந்தியாவிளக்கு பத்தி யாரும் சொல்லல. இப்போ உருளுற பிள்ளை இன்னும் ரெண்டு மூணு மாசத்துல தவழும். தரையில வைக்கிற நிலவிளக்கு மேல பிடி போட்டா எண்ணெயோட மேல சாயும். சுவத்துல மூணரை அடிக்கு மேல பலகை அடிச்சு சின்ன விளக்கு வையுங்க, நாமம் முடிஞ்சதும் பூவால அணைச்சுருங்க. பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுத் திரி தூண்டாதீங்க. பிள்ளை சட்டுன்னு கையை நீட்டி இழுத்துரும், அதுலயும் தாவணி, துப்பட்டா நைலானா இருந்தா ஒட்டிக்கிட்டு எரியும். கர்ப்பூரம் கைக்கெட்டுற இடத்துல இருக்கவே கூடாது. ஒரு கட்டி விழுங்கினாலும் வலிப்பு வரும். சளிக்குத் தேங்காயெண்ணெயில கர்ப்பூரம் காய்ச்சித் தேய்க்கிறதையும் நிறுத்துங்க. சாம்பிராணிப் புகை பிள்ளை இல்லாத அறையில போட்டு, புகை அடங்கினதுக்கு அப்புறம் கொண்டு போங்க.

அம்புலி எழுதியது:

தியானம்னா கண்ணை மூடித் தனியா இருக்குறதுன்னு நினைச்சா, பால் கொடுக்குற அம்மாவுக்கு அது கிடைக்காது. ஆனா நம்ம தமிழ்ல பக்தியோட ஒரு வடிவமே பிள்ளை வளத்தி மேலதான் கட்டியிருக்கு. பிள்ளைத்தமிழ்ல பத்துப் பருவம். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலின்னு முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி மூணுதான் மாறும். தெய்வத்தைப் பிள்ளையா வச்சுப் பாடுறது, ஆனா பருவத்தோட அடையாளம் எல்லாம் நேர்ல பாத்து எழுதினது.

உங்க பிள்ளை இப்போ செங்கீரையில இருக்கான். மரபுக் கணக்குல அது அஞ்சாம் மாசம். ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, ரெண்டு கையையும் தரையில ஊணி, தலையைத் தூக்கி ஆடுற கோலம். குழந்தை மருத்துவர் கையை ஊணி நெஞ்சைத் தூக்குறானான்னு கேக்குறதும் கிட்டத்தட்ட இதே வயசுலதான். குப்புறப் போட்டா முன்னாடி நீங்களும் குனிஞ்சு உட்கார்ந்து ஆடச் சொல்லிப் பாடுங்க. பிள்ளை உங்க வாயைப் பாக்கத் தலையைத் தூக்கும், அந்தத் தூக்குறதுலதான் கழுத்தும் தோளும் பலப்படும். சோறு ஊட்ட வேண்டிய பலமும் அதுதான். ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், பால் குடிச்ச உடனே வேண்டாம், கக்கும். ஏழாம் மாசம் தால், நாக்கை அசைச்சுச் சத்தம் போடுற வயசு. ஒன்பதுல சப்பாணி, கை கொட்டுறது. பூஜை அறைக்கு வெளியே தரையில நடக்குற இதுவும் வழிபாட்டுல சேராதுன்னு யாரும் சொல்லிர முடியாது.

கோட்டாற்று_நேரம் எழுதியது:

ஒண்ணு விட்டுப்போச்சு. "விட்டுப்போச்சு"ன்னு வருத்தம் வர்றது இயல்பு. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினமும் காரணமில்லாம அழுகை, பிள்ளை உறங்கும்போதும் உறக்கம் வராம இருக்குறது, பிள்ளை மேல ஒட்டாம போறது, நான் நல்ல அம்மை இல்லங்கிற நினைப்பு விடாம வர்றது இதெல்லாம் இருந்தா அதை பக்திக் குறைவுன்னு எடுத்துக்காதீங்க. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனச்சோர்வு அது, பால் கொடுத்துக்கிட்டே சாப்பிடக்கூடிய மருந்தும் உண்டு. டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பாங்க, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். உயிரை விடுற நினைப்போ பிள்ளைக்கு ஏதாவது செஞ்சுருவோமோங்கிற நினைப்போ வந்தா காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

களியக்காவிளை_அம்மை எழுதியது:

நிறைய தெளிஞ்சுது. நட்சத்திரக் கணக்கை மாமியார்கிட்ட எழுதிக் காட்டினேன், கொள்ளாம், நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. 181க்கு மேல குருவாயூர். ஆறு மாசப் பிள்ளையோட எப்படிப் போறது, அங்கே என்ன கவனிக்கணும்?

வேளிமலை எழுதியது:

முந்நூறு கிலோமீட்டருக்கு மேல, கார்ல போனா பிள்ளையும் நீங்களும் துவண்டு போவீங்க. சென்னை எழும்பூர்ல இருந்து வர்ற குருவாயூர் ரயில் நாகர்கோவில் வழியா ராத்திரி போகும், கீழ்ப் படுக்கை கேட்டு எடுங்க. பிள்ளையைச் சுவர்ப் பக்கம் போட்டு நீங்க வெளிப்பக்கம் படுங்க. இறங்கின உடனே கோயிலுக்கு ஓடாம ஒரு லாட்ஜுல அறை எடுத்து, குளிச்சு, பால் கொடுத்து, பிள்ளை ஒரு உறக்கம் உறங்கி எழுந்ததும் போங்க. நிர்மால்யம் (அன்னைக்கு முதல் தரிசனம்) காலை மூணு மணிக்கு. அது இந்தத் தடவை உங்களுக்கு வேண்டாம். கார்த்திகை ஒண்ணு தொடங்கி மண்டல காலம் முழுக்க சபரிமலை போறவங்க கூட்டம் அங்கேயும் நெருக்கும், அதை விட்டுருங்க. ஞாயிற்றுக்கிழமையும் கல்யாண முகூர்த்த நாளும் வேண்டாம். உங்க பிள்ளைக்கு தட்டம்மைத் தடுப்பூசி ஒன்பது மாசத்துலதான், நெரிசல்ல நிக்குறது நல்லதில்ல.

ஆண்கள் வேட்டி, மேலே சட்டை கூடாது. உங்களுக்கு சேலையோ சுடிதாரோ. பால் கொடுக்க முன்பக்கம் திறக்குற ரவிக்கை போட்டுக்குங்க. போன் உள்ளே விட மாட்டாங்க, படம் பிடிக்கிற ஆசையை அறையிலயே முடிச்சுருங்க. சோறூணுக்கு வழிபாட்டு கவுண்டர்ல ரசீது எடுக்கணும், பிள்ளை பேரும் நட்சத்திரமும் எழுதி வச்சுக்குங்க.

முக்கியமா ஒண்ணு. கேரள முறையில நாலம்பலத்துக்குள்ள (கருவறையைச் சுத்தின உள்பிரகாரம்) பிள்ளை மூத்திரம் போனா புண்ணியாகம் (சுத்தி பண்ணுற சடங்கு) செய்யணும், அது வரைக்கும் பூஜை நிக்கும், செலவும் வீட்டுக்காரங்க தலையில. டயப்பர் போட்டா போதும்னு நினைக்காதீங்க. நாலம்பலத்துக்குள்ள தொழுறதுக்கு நீங்களும் வீட்டுக்காரரும் மாறி மாறி போங்க, ஒருத்தர் பிள்ளையோட வெளியே நிக்கணும். வீட்டுல செஞ்ச பருப்புச்சோறைக் கொண்டு போகாதீங்க, புழுக்கத்துல ரெண்டு மணி நேரம் தாங்காது. அங்கே இலையில இருக்குற சோறுல நாலு பருக்கையை விரலால நல்லா மசிச்சு, காய்ச்சி ஆறின வெள்ளம் ரெண்டு சொட்டு விட்டு இளக்கி வையுங்க. வெள்ளத்துக்கு ஒரு சின்ன பிளாஸ்க் எடுத்துக்குங்க.